கருத்தரங்கில் நடப்பு அரசியலை விவாதிக்கக் கற்றுக்கொள்வது: தயாரிப்பிலிருந்து மறுமொழி வரை முழுமையான வழிகாட்டி

கருத்தரங்குக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். ஐந்து நிமிடம் தடங்கலின்றிப் பேசுகிறார்கள். முதல் மறுகேள்வி வந்ததும் திணறிவிடுகிறார்கள். எந்தக் கேள்விக்குத் தாங்கள் பதில் சொல்கிறோம் என்பதை முடிவு செய்யாமலே தகவல் திரட்டப் போவதுதான் இதற்குக் காரணம்.

கீழே உள்ள படிகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் எங்கே சறுக்கும் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுக்குக் கட்டாய வாக்களிப்பு என்ற ஒரே தலைப்பைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறோம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த நாடு உண்டு, கைவிட்ட நாடு உண்டு, கைவிட்டுத் திரும்பக் கொண்டுவந்த நாடும் உண்டு. அதனால் ஒப்பிட்டுப் பழக வசதியான தலைப்பு இது.

தொடங்கும் முன் தேவையானவை

தலைப்பு கைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் வேண்டும். மொத்த உழைப்பு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே ஓர் இரவாவது இடைவெளி இருந்தால்தான் எது முக்கியம், எது வெறும் பரபரப்பு என்று பிரித்துப் பார்க்க வரும்.

உள்ளங்கை அளவுச் சீட்டுகள் இருபது, ஒரு நோட்டு, கடிகாரம், கேள்வி கேட்க ஒரு நண்பர். பேசும் நேரம் எவ்வளவு, இடையில் கேள்வி கேட்கலாமா, தரப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா அல்லது ஆசிரியர் ஒதுக்குவாரா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பின் அளவை இவைதான் தீர்மானிக்கும்.

1. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘கட்டாய வாக்களிப்பு’ என்பது தலைப்பு மட்டுமே. அதை அப்படியே வைத்துக்கொண்டு படிக்கப் போனால் கிடைப்பதெல்லாம் பொருத்தமானதாகவே தெரியும்.

அதை இப்படி மாற்றுங்கள்: ‘தேசியத் தேர்தலில் தகுந்த காரணமின்றி வாக்களிக்கத் தவறுவோருக்குச் சிறு அபராதம் விதிக்கும் சட்டம் வேண்டுமா?’ இதில் எந்தத் தேர்தல், யாருக்கு, எந்தக் கருவி என்ற மூன்றும் தெளிவாகிவிட்டன. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதற்குப் பதிலாக? வாக்குப்பதிவைக் கூட்ட விடுமுறை நாளில் தேர்தல், அஞ்சல் வாக்கு, தானியங்கிப் பெயர்ப்பதிவு போன்ற வழிகளும் இருக்கின்றன. ஒரு சட்டத்தை வெறுமையோடு ஒப்பிட்டால் எந்தச் சட்டமும் நல்லதாகவே தோன்றும். மாற்று வழிகளோடு ஒப்பிடும்போதுதான் அதன் எடை தெரியும்.

கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்கவில்லையென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

2. சொற்களுக்கு எல்லை போடுங்கள்

‘கட்டாயம்’ என்றால் என்ன? இரகசிய வாக்குமுறையில், உள்ளே போனவர் சீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாரா, வெறுமையாகப் போட்டாரா என்பதை அரசு பார்க்க முடியாது. எனவே சட்டத்தின் வாசகம் எப்படியிருந்தாலும், நடைமுறையில் வற்புறுத்தக்கூடியது வாக்குச்சாவடிக்கு வருவதை மட்டும்தான். இந்த ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் ‘பிடிக்காத வேட்பாளருக்கு வாக்களிக்க வைக்கிறார்கள்’ என்ற எதிர்ப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்பது அறைக்கே தெளிவாகிவிடும்.

அபராதத்துக்கும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவின் தேசியத் தேர்தலில் முதல் அபராதம் 20 ஆஸ்திரேலிய டாலர். தகுந்த காரணம் சொன்னால் அதுவும் இல்லை. ‘வாக்களிக்காவிட்டால் தண்டனை’ என்று சொல்லும்போது கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம் இதைவிட மிகப் பெரியது. அந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு இரு தரப்பும் அரைமணி நேரம் மோதிக்கொள்வதைத் தவிர்க்க இந்தப் படி உதவும்.

எல்லை போட வேண்டிய சொற்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் அகராதி வாசிப்பது போலாகிவிடும்.

3. தகவலைச் சரியான திசையில் திரட்டுங்கள்

பெரும்பாலோர் செய்தியில் தொடங்கி, கருத்துக் கட்டுரைக்குப் போய், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திசையைத் திருப்புங்கள். முதலில் மூல ஆவணம்: சட்டத்தின் வாசகம், தேர்தல் ஆணையம் வெளியிட்ட முடிவுகள், அவைக்குறிப்புகள். அடுத்து ஆய்வுகள். கடைசியில் செய்தியும் கருத்தும். செய்தியில் வந்த எண்ணை வாசித்தால் உங்களுக்கு எண் மட்டுமே தெரியும். மூலத்தைப் பார்த்தால் அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதும் தெரியும். மறுகேள்விகள் பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பற்றித்தான் வரும்.

ஒரு சீட்டுக்கு ஒரு தகவல். அதில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: தகவல், ஆண்டு, எதில் எத்தனை விழுக்காடு, எங்கிருந்து எடுத்தது, கடைசியாக ‘இது எதை நிரூபிக்கவில்லை’. இந்த ஐந்தாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மற்ற நான்கும் சேர்ந்து தராத பாதுகாப்பை அந்த ஒரு வரி தரும்.

‘எதில் எத்தனை’ என்பதற்குச் சிலி நல்ல பாடம். அங்கே 2010 ஜனவரியில் நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2013-இல் முதல் சுற்றில் அது சுமார் 49. நடுவில் 2012-இல் வாக்களிப்பது விருப்பத்துக்கு விடப்பட்டது. ‘கட்டாயத்தை எடுத்ததும் வாக்குப்பதிவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது’ என்று இதை மேசையில் போட்டால் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை பெயரைப் பதிவு செய்வது அவரவர் விருப்பம். பதிவு செய்தவருக்கு மட்டுமே வாக்களிப்பு கட்டாயம். இளைஞர் பலர் பதிவே செய்யாமல் இருந்தார்கள். 2012 சட்டம் எல்லோரையும் தானாகவே பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெருத்தது, அதாவது வகுக்கும் எண்ணே மாறிவிட்டது. இரண்டு விழுக்காடுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வீழ்ச்சி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டினால் அந்த வாதம் மட்டும் விழாது. உங்கள் மற்ற எண்கள் மீதும் சந்தேகம் விழும்.

பத்து முதல் பதினைந்து சீட்டுகள் போதும். நடப்பு விவகாரம் என்பதால் ஒவ்வொரு சீட்டிலும் நீங்கள் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். கருத்தரங்குக்கு முந்தைய மாலை, மாறியிருக்கக்கூடிய சீட்டுகளை மட்டும் திரும்பப் பாருங்கள். நேற்று வெடித்த செய்தியை ஆதாரமாக வைக்காதீர்கள். முதல் ஓரிரு நாள் விவரங்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்.

4. கருத்து வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அரசியல் விவாதத்தில் வரும் கூற்றுகள் மூன்று வகை. என்ன நடந்தது என்பது ஒன்று. எதனால் நடந்தது, செய்தால் என்ன நடக்கும் என்பது இரண்டு. எது நியாயம் என்பது மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தின் தன்மை வேறு. ஒரு வகைக் கேள்விக்கு இன்னொரு வகைப் பதிலைக் கொடுப்பதுதான் கருத்தரங்குகளில் அதிகம் பார்க்கும் பிழை.

சீட்டுகளை எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், நிகழ்ந்தவை. ஆஸ்திரேலியா 1924-இல் தேசியத் தேர்தலுக்குக் கட்டாய வாக்களிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. 1925-இல் 91-க்கு மேல். இதில் சண்டை போட ஒன்றுமில்லை, ஆவணத்தைக் காட்டினால் முடிந்தது.

இரண்டாவது, காரணம். அந்த ஏற்றத்துக்குச் சட்டம்தான் காரணமா? ஆஸ்திரேலியாவில் பெயர்ப்பதிவு 1911-லேயே கட்டாயமாகிவிட்டது, ஆகவே சிலியில் நடந்த பட்டியல் குழப்பம் இங்கே இல்லை. எதிர்த்திசையிலும் பார்க்கலாம்: நெதர்லாந்து 1970-இல் கட்டாயத்தைக் கைவிட்டது. 1967-இல் சுமார் 95 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 1971-இல் 79 ஆனது. சிலியில் 2021 டிசம்பர் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் சுமார் 56 விழுக்காடு. கட்டாயமாக்கப்பட்டு நடந்த 2022 செப்டம்பர் அரசியலமைப்பு வாக்கெடுப்பில் சுமார் 86. இந்த இரண்டிலும் பட்டியல்முறை ஒன்றுதான், ஆகவே 2010, 2013 எண்களைவிட இது நேர்மையான ஒப்பீடு. ஆனாலும் ஒன்று அதிபர் தேர்தல், மற்றது புதிய அரசியலமைப்பு பற்றிய வாக்கெடுப்பு. ஏற்றத்தில் ஒரு பங்கு தலைப்பின் சூட்டால் வந்ததாகவும் இருக்கலாம். அந்தச் சீட்டின் ஐந்தாவது வரி இதுதான்.

போடும்போது ஏறுகிறது, எடுக்கும்போது இறங்குகிறது, வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில். காரணத்தை வாதிட ஒரு நாட்டின் எண்ணைவிட இப்படிப்பட்ட இருதிசைச் சான்று வலுவானது.

ஆனால் இங்கே நின்றுவிடாதீர்கள். ‘வாக்குப்பதிவு கூடும்’ என்பது ஒரு கண்ணி. ‘கூடினால் ஆட்சி மக்களை இன்னும் நன்றாகப் பிரதிபலிக்கும்’ என்பது அடுத்த கண்ணி. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டதாக நினைத்துப் பேசுபவர்கள் மிகப் பலர். ஆஸ்திரேலியாவில் மக்களவைத் தேர்தல்களில் செல்லாத வாக்குகள் அண்மைக் காலத்தில் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. வந்தவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் அல்லர் என்று ஒரு தரப்பு சொல்லும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் செல்லும் வாக்கைத்தான் போட்டார்கள் என்று மறுதரப்பு சொல்லும். எண் ஒன்றுதான். அதிலிருந்து எங்கே போகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

மூன்றாவது, நியாயம். ‘வாக்களிக்காமல் இருப்பதும் என் உரிமை’ என்று ஒருவர் சொல்கிறார். உங்களிடம் இருக்கும் எந்த விழுக்காடும் இதற்குப் பதில் ஆகாது. 95 என்றாலும் 100 என்றாலும் அவர் கேள்வி அப்படியே நிற்கும். இதற்குப் பதில் சொல்ல ஒப்புமை வேண்டும், கொள்கை வேண்டும். வரி செலுத்துவதையும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறோம். வாக்கு அவற்றோடு சேருமா, பேச்சுரிமையோடு சேருமா? பேச்சுரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் அல்லவா? விவாதம் உண்மையில் நடக்க வேண்டிய இடம் இது.

5. எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் எழுதுங்கள்

உங்கள் வாதத்தைத் தொடும் முன், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் தரப்பை எழுதிவிட்ட பிறகு மனம் எதிர்வாதத்தைத் தானாகவே பலவீனமாக்கித்தான் எழுதும். அதனால்தான் இந்த வரிசை.

எழுதியதை அந்தக் கருத்துடைய ஒருவரிடம் காட்டுங்கள். ‘ஆமாம், நான் நினைப்பது இதுதான்’ என்று அவர் சொன்னால் சரி. ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்றால் திரும்ப எழுத வேண்டும். அப்படி யாரும் பக்கத்தில் இல்லையென்றால், அந்தத் தரப்பில் இருப்பவரே எழுதிய ஒரு கட்டுரையோடு ஒப்பிடுங்கள். உங்கள் தரப்பினர் அவர்களைப் பற்றி எழுதியதோடு வேண்டாம்.

ஆசிரியர் உங்களுக்குப் பிடிக்காத தரப்பை ஒதுக்கியிருந்தால் இந்தப் படியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எந்தத் தரப்பில் நிற்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்தில் ஒரு வரியில் அறிவித்துவிட்டு, மனமாரப் பேசுங்கள். ‘எனக்கே இதில் நம்பிக்கை இல்லை’ என்று இடையிடையே சொல்வது, அந்தக் கருத்தை உண்மையாக நம்பும் ஒருவர் அறையில் இருந்தால் அவரை அவமதிப்பதாகும்.

6. வாதத்தை நான்கு வரிகளில் கட்டுங்கள்

ஒவ்வொரு வாதமும் முடிவு, காரணம், சான்று, எல்லை என்ற நான்கும் கொண்டிருக்க வேண்டும். இப்படி:

‘சிறு அபராதத்தோடு கூடிய கட்டாயம் வாக்குப்பதிவை உயர்த்தும். வாக்களிக்க நேரமும் அலைச்சலும் தேவைப்படுவதால் தள்ளிப்போடுபவர்களுக்கு அது ஒரு சிறு உந்துதல். ஆஸ்திரேலியாவில் சட்டம் வந்ததும் 60-க்குக் கீழிருந்து 91-க்கு மேல் போனது, நெதர்லாந்தில் எடுத்ததும் 95-இலிருந்து 79-க்கு இறங்கியது. அபராதத்தை உண்மையில் வசூலிக்காத நாட்டிலும் இதே விளைவு வரும் என்று நான் சொல்லவில்லை.’

எல்லையைச் சொன்னால் வாதம் பலவீனமாகிவிடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். நீங்களே கோடு போட்டுவிட்டால் எதிர்த்தரப்பு அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்துதான் மோத வேண்டும். போடாவிட்டால் வெளியிலிருந்து ஒரு விதிவிலக்கைக் காட்டியே முழு வாதத்தையும் கவிழ்த்துவிடலாம்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு வாதங்கள். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே மேலோட்டமாகும். மறுமொழி சொல்பவர் அவற்றில் மிக மெலிந்ததைப் பிடித்துக்கொள்வார். இருக்கும் நேரத்தில் கடைசி முக்கால் நிமிடத்தை எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு ஒதுக்குங்கள்.

7. வாய்விட்டுப் பழகுங்கள்

முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். இடையில் ஒருவர் கேள்வி கேட்டால் நூல் அறுந்துவிடும். முடிவும் சான்றும் மட்டும் சீட்டில் இருக்கட்டும். நடுவில் வரும் வாக்கியங்களை அப்போதே அமைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் வைத்து மூன்று முறை பேசுங்கள். முதல் முறை நேரம் தாண்டும். அப்போது வேகத்தைக் கூட்டாமல் ஒரு தகவலை எடுத்துவிடுங்கள். வேகமாகச் சொல்லப்பட்ட எண்களை யாரும் குறித்துக்கொள்வதில்லை. பிறகு நண்பரிடம் கொடுத்து, ‘எதனால்?’, ‘எதோடு ஒப்பிட்டு?’, ‘யாருக்கு நட்டம்?’ என்ற மூன்று கேள்விகளை மட்டும் பத்து நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராத இடம்தான் இன்னும் படிக்க வேண்டிய இடம்.

8. அறையில்: கேட்டல், திருப்பிச் சொல்லல், பதில்

நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்புறம் மற்றவர் சொன்னது, வலப்புறம் உங்கள் பதில். இடப்புறம் எழுதும்போது கூற்றின் பக்கத்தில் ‘நி’, ‘கா’, ‘நியா’ என்று நிகழ்வு, காரணம், நியாயம் எதுவென்று குறித்துவிடுங்கள். அந்தச் சிறு குறியே எந்த வகைப் பதில் வேண்டும் என்று காட்டிவிடும். மற்றவர் பேசும்போதே வலப்புறத்தை நிரப்பத் தொடங்கினால் அவருடைய இரண்டாம் பாதி உங்கள் காதில் விழாது.

பதிலுக்கு முன் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: ‘அபராதம் சிறிதானாலும் அன்றாடக் கூலிக்காரருக்கு அது பெரிது என்கிறீர்கள். சரிதானே?’ அவர் திருத்தினால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். இதற்குப் பத்து நொடி ஆகும். தவறாகப் புரிந்துகொண்டு பேசும் பத்து நிமிடத்தை அது மிச்சப்படுத்தும்.

உங்களுக்குத் தெரியாத ஓர் எண்ணை யாராவது சொன்னால் மறுக்கவும் வேண்டாம், தெரிந்ததுபோல் தலையாட்டவும் வேண்டாம். ‘அந்தப் புள்ளிவிவரத்தை நான் பார்க்கவில்லை. எதிலிருந்து எடுத்தது என்று பிறகு சொன்னால் பார்க்கிறேன். அது சரி என்றே வைத்துக்கொண்டாலும்…’ என்று தொடருங்கள். அந்த எண் சரியாக இருந்தால் உங்கள் வாதத்தில் எது மாறும், எது மாறாது என்று சொல்ல முடிந்தால் போதும்.

எதிர்த்தரப்பு சொன்னது சரியென்றால் அந்தப் பகுதியை வெளிப்படையாக விட்டுக்கொடுங்கள். ‘கூலிக்காரர் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். விலக்கு இல்லாத அபராதத்தை நான் இனி ஆதரிக்கவில்லை. விலக்கோடு கூடியதை ஆதரிக்கிறேன்.’ இப்படிச் சொன்னால் நிலைப்பாடு கூர்மையாகிறது. மழுப்பினால் அடுத்த மூன்று பேரும் அதே இடத்தைத்தான் தட்டுவார்கள்.

கேள்வி கேட்கும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மூன்றைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் கடந்துவிடுவார்கள்.

9. சூடு ஏறும்போது

நடப்பு அரசியலில் கட்சிப் பற்றும் சொந்த வாழ்க்கையும் கலந்தே இருக்கும். ‘நீங்கள் அந்தக் கட்சிக்காரர், அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்கள்’ என்பதைச் சொல்லவே கூடாது. ஒருவர் ஏன் சொல்கிறார் என்பதற்கும் அவர் சொன்னது சரியா என்பதற்கும் தொடர்பில்லை. உங்களை நோக்கி அப்படிச் சொன்னால், ‘நான் யார் என்பதை விட்டுவிடுவோம், நெதர்லாந்து எண்ணில் பிழை இருக்கிறதா?’ என்று பொருளுக்குத் திரும்புங்கள்.

பேசப்படும் விஷயத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அறையில் இருந்தால், அவர் அனுபவம் ஒரு சான்று. அதை ஒரு விழுக்காட்டால் அடித்துத் தள்ளாதீர்கள். அதே சமயம் ஒருவரின் அனுபவத்திலிருந்து எல்லோருக்குமான முடிவுக்குத் தாவவும் முடியாது. ‘உங்களுக்கு நேர்ந்ததை ஏற்கிறேன். எத்தனை பேருக்கு அப்படி நேர்கிறது என்பதைத் தனியாகப் பார்க்கலாமா?’ என்று கேட்பது இரண்டையும் மதிக்கும். அவரையே அந்தச் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது கொடுமை. அதை யார் செய்தாலும் நெறியாளர் நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தாவிட்டால் நீங்கள் சொல்லலாம்.

10. அன்றே எழுத வேண்டிய மூன்று வரிகள்

கருத்தரங்கு முடிந்த அன்றே, தூங்கும் முன், மூன்று வரிகள்: பதில் சொல்ல முடியாத கேள்வி எது, எந்தச் சீட்டு தவறாகவோ பழசாகவோ இருந்தது, எந்த இடத்தில் உங்கள் நிலைப்பாடு நகர்ந்தது. மறுநாள் வரை விட்டால் நன்றாகப் பேசிய இடங்கள் மட்டுமே நினைவில் நிற்கும்.

‘பார்க்கிறேன்’ என்று சொன்ன புள்ளிவிவரத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள், சொன்னவரிடமே போய்க் கண்டதைச் சொல்லுங்கள். அது உங்கள் வாதத்துக்கு எதிராக இருந்தாலும். தவறான சீட்டைக் கிழித்துவிட வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியான தகவலைப் பின்பக்கம் எழுதி, அடுத்த தலைப்புக்கான கட்டின் மேலே வையுங்கள்.